இதய நோய் அபாயத்தைக் கணிக்கும் செயலிகள்: யாருக்கு எது பொருந்தும்?

45 வயது ஆண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ரத்த அழுத்தத்தின் மேல் எண் 138. மொத்தக் கொலஸ்ட்ரால் 200, நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 38. சர்க்கரை நோய் இல்லை, புகைப்பழக்கம் இல்லை, தினசரி மாத்திரை எதுவும் இல்லை. நம் அலுவலகங்களில் இப்படிப்பட்டவர்கள் வரிசைக்கு ஒருவர் இருக்கிறார்கள். அமெரிக்க இதயவியல் கல்லூரியின் செயலி பயன்படுத்தும் 2013-ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் இந்த எண்களைப் போட்டால், அடுத்த பத்து ஆண்டுகளில் அவருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு 3 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. அந்த முறையில் 5-க்குக் கீழ் இருந்தால் குறைந்த அபாயம்.

இதே மனிதரின் தந்தை 50 வயதில் மாரடைப்பில் இறந்திருந்தாலும் விடை மாறாது. கால்குலேட்டர் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. அவர் தினமும் புகையிலை மெல்லுபவராக இருந்தாலும், இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ. ஆனாலும் 105 செ.மீ. ஆனாலும் அதே 3 சதவீதம்தான். இடுப்பு பெருத்தவர் அந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடைந்தால் அது ஆபத்தான நிம்மதி.

ஆகவே ஒரு செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். அது உங்களிடம் என்னென்ன கேட்கிறது? எந்த மக்களின் உடல்நலப் பதிவுகளிலிருந்து அதன் சூத்திரம் பிறந்தது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரத்தப் பரிசோதனை அறிக்கை கையில் இருக்கும் தமிழருக்கு முதலில் பிரிட்டனின் கியூரிஸ்க்3 (QRISK3). முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருப்பவருக்கு அதோடு அமெரிக்காவின் புதிய கணக்கான பிரிவென்ட் (PREVENT). பரிசோதனையே செய்துகொள்ளாத பெற்றோருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணை. இவை தவிர்த்த மற்றவற்றுக்கும் இடம் உண்டு, ஆனால் குறுகிய இடம்.

கணக்கே தேவைப்படாதவர்கள்

இந்தக் கருவிகள் எல்லாமே இதுவரை இதய நோய் வராதவர்களுக்கானவை. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்துகொண்டவர், பக்கவாதம் கண்டவர் இதில் எண்களைப் போட்டுப் பார்ப்பதில் பொருளில்லை. அவர்கள் உயர் அபாயத்தில் இருப்பது தெரிந்த செய்தி. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 190 அல்லது அதற்கு மேல் இருப்பவருக்கும் கால்குலேட்டர் வேண்டியதில்லை. அந்த அளவே சிகிச்சைக்குப் போதுமான காரணம். பரம்பரையாக வரும் கொழுப்புக் கோளாறா என்று பார்த்து, பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டிய நிலை அது. நாற்பதைக் கடந்த சர்க்கரை நோயாளிகளுக்கு அமெரிக்க வழிகாட்டுதல் அபாய எண்ணுக்காகக் காத்திருக்காமல் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரையைப் பரிந்துரைக்கிறது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இந்தியாப் (INDIAB) ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அத்தனை பேரில் நாற்பதைத் தாண்டியவர்கள் செயலியைத் தேடுவதைவிட மருத்துவரிடம் கொழுப்பு மாத்திரை பற்றிக் கேட்பது நல்லது.

இப்போது, இந்த நிமிடம் நெஞ்சில் அழுத்தம், வியர்வை, இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி என்றால் கைப்பேசியில் செய்ய வேண்டிய ஒரே வேலை 108-ஐ அழைப்பது. தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023 முதல் "இதயம் காப்போம்" திட்டத்தின்கீழ் முதற்கட்ட மாத்திரைகளை உடனே கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. அருகில் இருப்பது அதுதான் என்றால் அங்கேயே போகலாம்.

விரலை வைத்தால் பி.பி. காட்டும் செயலிகள்

கேமரா மேல் விரலை வைத்தால் ரத்த அழுத்தம் சொல்வதாகக் கூறும் செயலி எதுவும் உங்கள் கைப்பேசியில் இருந்தால் நீக்கிவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. 2014-15-இல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற அப்படியொரு செயலியை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் சோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். உண்மையில் உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு அது "உயர்வில்லை" என்று காட்டியிருந்தது. மாத்திரை தேவைப்படும் ஒருவர் அதை நம்பி வருடக்கணக்கில் சும்மா இருந்துவிடுவார்.

ஸ்மார்ட் வாட்ச்கள் வேறு வகை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் ஒழுங்கற்ற துடிப்பை அவற்றில் சில ஓரளவு நன்றாகவே கண்டுபிடிக்கின்றன. பக்கவாதத்தைத் தடுக்க அது உதவும். ஆனால் இதய ரத்தக் குழாயில் அடைப்பு சேர்வதை அவை பார்ப்பதில்லை, மாரடைப்பைக் கண்டறியவும் முடியாது. வாட்ச்சுக்கு ஒதுக்கிய பணத்தில் சிறு பகுதிக்கு மேல்கையில் கட்டும் தானியங்கி பி.பி. கருவி கிடைக்கும். குடும்பத்துக்கு ஒன்று போதும். இந்தக் கட்டுரையில் வரும் எல்லாக் கணக்குகளுக்கும் அதுதான் அடிப்படை.

அமெரிக்கச் சூத்திரங்கள்: பழையதும் புதியதும்

அபாயக் கணிப்பு என்ற எண்ணத்தின் தாய்வீடு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஃப்ராமிங்ஹாம் என்ற ஊர். 1948-இல் அங்கே 5,209 பேரைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்விலிருந்துதான் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகை ஆகியவற்றை ஒன்றாக வைத்து அபாயத்தை எண்ணால் சொல்லும் வழக்கம் வந்தது. ஊரில் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள். அதன் வாரிசான 2013-ஆம் ஆண்டுச் சூத்திரம்தான் ஏஎஸ்சிவிடி ரிஸ்க் எஸ்டிமேட்டர் என்ற செயலியில் இருக்கிறது. அதில் இனம் என்ற இடத்தில் வெள்ளையர், ஆப்பிரிக்க அமெரிக்கர், மற்றவர் என்று மூன்றே தெரிவுகள். நாம் "மற்றவர்". "மற்றவர்" என்று குறித்தால் வெள்ளையருக்கான கணக்கே ஓடுகிறது.

இதை அமெரிக்க மருத்துவர்களும் அறிந்திருக்கிறார்கள். 2018-ஆம் ஆண்டுக் கொலஸ்ட்ரால் வழிகாட்டுதலில் தெற்காசியப் பூர்விகம் என்பதையே அபாயத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்றாகச் சேர்த்தார்கள். தந்தைக்கோ சகோதரனுக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன்பும் இதய நோய் வந்திருப்பது, கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறிய பிரீஎக்லாம்ப்சியா, 40 வயதுக்கு முன் மாதவிலக்கு நின்றுபோதல் ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கால்குலேட்டர் எண் மட்டும் சொல்லும். இவற்றையெல்லாம் மருத்துவர் தன் மனத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. வீட்டில் தனியாக உட்கார்ந்து செயலியைத் திறப்பவருக்கு அந்த இரண்டாம் பாதி கிடைப்பதில்லை.

இன்னொரு சிக்கல் வயது. மேலே சொன்ன அதே மனிதருக்கு மற்ற எண்கள் எதையும் தொடாமல் வயதை மட்டும் 55 ஆக்கினால் 3 சதவீதம் 8 ஆகிறது. 45-லேயே "புகைப்பவர்" என்று குறித்தால் எட்டரை. அதாவது ஒரு சிகரெட் பழக்கம் பத்து வயதைக் கூட்டுகிறது. சூத்திரத்தில் வயதின் கை இவ்வளவு ஓங்கியிருப்பதால், இளைஞர்களுக்கு எப்போதும் சிறிய எண்தான் வரும். இந்தியர்களுக்கு இதுதான் பெரிய பொறி. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகளில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்பே வருவது தெரிந்தது. பத்து ஆண்டுக் கணக்கு யாருக்கு மிகக் குறைவாகப் பேசுகிறதோ அந்த வயதில்தான் நம்மவர்கள் விழுகிறார்கள்.

2023-இல் அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்ட பிரிவென்ட் இந்த இடத்தில் முன்னேறியிருக்கிறது. 30 வயதிலிருந்தே பயன்படுத்தலாம். 59 வயது வரை உள்ளவர்களுக்குப் பத்து ஆண்டோடு முப்பது ஆண்டு அபாயத்தையும் தருகிறது. சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். எண்ணைக் கேட்கிறது, இதயச் செயலிழப்பு வாய்ப்பைத் தனியாகச் சொல்கிறது, ஏற்கெனவே ஸ்டேடின் சாப்பிடுபவரும் போட்டுப் பார்க்கலாம். இனம் என்ற கேள்வியையே எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவின் வரலாற்றில் அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஆனால் தெற்காசியக் கூடுதல் அபாயத்துக்கு அதில் இடமில்லாமல் போயிற்று. குடும்ப வரலாறும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிரிவென்ட் தரும் எண் 2013 சூத்திரம் தந்ததைவிடப் பலருக்கு ஏறக்குறையப் பாதியாக வருகிறது. போன வருடம் ஒன்றில் பார்த்து, இந்த வருடம் மற்றொன்றில் பார்த்து, அபாயம் குறைந்துவிட்டது என்று யாரும் மகிழ வேண்டாம். குறைந்தது அளவுகோல்தான். ஒரே கருவியில் பார்த்த எண்களை மட்டுமே ஒப்பிட வேண்டும்.

எனவே பிரிவென்ட்டை நான் பரிந்துரைப்பது அதன் முப்பது ஆண்டு எண்ணுக்காக. 35 வயதுக்காரர் ஒருவருக்குப் பத்து ஆண்டில் ஒரு சதவீதம் என்பது எதையும் உணர்த்தாது. பிள்ளை கல்லூரி முடித்துத் தனக்கொரு குடும்பம் அமைக்கும் காலம் வரை என்ன நடக்கலாம் என்பது அவருக்கு உறைக்கும்.

கியூரிஸ்க்3-ஐ ஏன் முதலில் வைக்கிறேன்

பிரிட்டனின் பொது மருத்துவர்களிடம் உள்ள லட்சக்கணக்கான நோயாளிப் பதிவுகளிலிருந்து உருவான இதன் மூன்றாம் பதிப்பு 2017-இல் வந்தது. 25 முதல் 84 வயது வரை பொருந்தும். கைப்பேசி உலாவியில் திறந்தால் போதும். பெயரோ தொலைபேசி எண்ணோ கேட்பதில்லை. கேள்விகள் ஆங்கிலத்தில் இருப்பதால் பெற்றோருக்குப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்து நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

இனம் என்ற இடத்தில் இந்தியர், பாகிஸ்தானியர், பங்களாதேஷியர், பிற ஆசியர் என்று தனித்தனியாக இருக்கிறது. லண்டனிலோ யாழ்ப்பாணத்திலோ வாழும் ஈழத்தமிழர் "பிற ஆசியர்" என்பதைத் தேர்ந்தெடுப்பார். பெற்றோர், உடன்பிறந்தவர் யாருக்காவது 60 வயதுக்கு முன் இதய நோய் வந்ததா என்று கேட்கிறது. இந்த ஒரு கேள்விக்காகவே இதை நான் முன்னால் நிறுத்துவேன். முடக்குவாதம், லூபஸ், ஒற்றைத் தலைவலி, ஸ்டீராய்டு மாத்திரை, தீவிர மனநோய், ஆண்களுக்கு விறைப்புக் குறைபாடு என்று மற்ற கருவிகள் எட்டிப் பார்க்காத இடங்களுக்கும் போகிறது. மூட்டுவாதத்துக்கு வருடக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடும் 50 வயதுப் பெண்ணின் இதயத்தைப் பற்றி நம் ஊரில் எத்தனை பேர் அவரிடம் பேசியிருப்பார்கள்? இந்தப் படிவம் அந்தப் பேச்சைத் தொடங்கிவைக்கும்.

நம்மவர் நிரப்பும்போது தடுக்கும் இடங்கள் சில உண்டு. பிரிட்டன் அஞ்சல் குறியீட்டைக் காலியாக விடலாம். கொலஸ்ட்ரால் என்ற இடத்தில் மொத்தக் கொலஸ்ட்ராலை எச்.டி.எல்.லால் வகுத்து வரும் விகிதத்தைப் போட வேண்டும். நம் 45 வயதுக்காரருக்கு 200-ஐ 38-ஆல் வகுத்தால் 5.3. நம் லேப் அறிக்கைகள் பலவற்றில் அந்த விகிதம் அச்சிடப்பட்டே வருகிறது. ஸ்டேடின் சாப்பிடுபவர்களுக்கு இது பொருந்தாது. பிரிட்டனில் 10 சதவீதத்தை எட்டினால் ஸ்டேடின் பற்றிப் பேசச் சொல்கிறார்கள். அதற்குக் கீழே இருந்தாலும் நோயாளி விரும்பினால் மறுக்க வேண்டாம் என்பது அங்குள்ள பரிந்துரை.

குறையும் சொல்லியாக வேண்டும். இதில் இருக்கும் இந்தியர்கள் பிரிட்டனில் வாழும் இந்தியர்கள். இலவச மருத்துவமும் குடும்ப மருத்துவரும் உள்ள நாட்டில் ஒருவருக்கு வரும் அபாயம், விழுப்புரம் பக்கத்துக் கிராமத்தில் இருப்பவருக்கும் அதே அளவுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வரும் எண்ணைக் குறைந்தபட்ச அளவாக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இருக்கலாம் என்று நினைப்பது பாதுகாப்பானது.

ரத்தப் பரிசோதனை இல்லாதவர்களுக்கு

ஊரில் இருக்கும் அம்மா அப்பாவைக் கொலஸ்ட்ரால் பார்க்கச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு வண்ண அட்டவணை இருக்கிறது. உலகை 21 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வகை: ரத்தப் பரிசோதனையோடு ஒன்று, அது இல்லாமல் ஒன்று. இரண்டாவதற்கு வயது, ஆணா பெண்ணா, புகைப்பழக்கம், ரத்த அழுத்தத்தின் மேல் எண், உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. ஆகியவை போதும். 40 முதல் 74 வயது வரை. "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கு வந்து பி.பி. பார்க்கும் பெண் குறித்துக் கொடுக்கும் எண்ணை வைத்தே நிரப்பிவிடலாம்.

சரியான பக்கத்தை எடுப்பதில் கவனம் வேண்டும். இந்தியாவுக்குத் தெற்காசிய அட்டவணை. இலங்கை அந்தப் பகுப்பில் தென்கிழக்கு ஆசியாவில் இருக்கிறது; மலேசியாவும் அங்கேதான். இதை அடிப்படையாகக் கொண்டு நன்றாகச் செய்யப்பட்ட ஹார்ட்ஸ் செயலி பான் அமெரிக்க சுகாதார அமைப்பினுடையது. அதில் இருக்கும் நாடுகள் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை என்பதால் நமக்குப் பயன்படாது. தெற்காசியப் பக்கத்தைப் படமாகக் கைப்பேசியில் சேமித்து வைத்துக்கொள்வதே எளிது.

சர்க்கரை நோயாளிக்கு ரத்தப் பரிசோதனை இல்லாத அட்டவணை கூடாது. அதில் சர்க்கரைக்கு இடமே இல்லை என்பதால் விடை ஏமாற்றும். பி.எம்.ஐ.யும் நம் உடலுக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடல்வாகு நம்மிடம் அதிகம். எடை இயந்திரம் அவரை "சரியான எடை" என்று சொல்லிவிடும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இடுப்பளவைத் தாண்டினால் அட்டவணை என்ன நிறம் காட்டினாலும் அடுத்த படியாக ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

புகைப்பழக்கம் என்ற கட்டத்துக்கும் ஒரு வார்த்தை. பீடி பிடிப்பவரைப் "புகைப்பவர்" என்று தயங்காமல் குறியுங்கள். இன்டர்ஹார்ட் தரவில் பீடி பிடிப்பவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தது. மெல்லும் புகையிலையும் ஏறத்தாழ இரு மடங்காக்கியது. வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டியை எந்தச் செயலியும் கண்டுகொள்வதில்லை. அவருக்கு வரும் விடை உண்மையைவிடக் குறைவு என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐரோப்பாவில் வாழ்பவர்களுக்கு

ஸ்கோர்2 என்ற 2021-ஆம் ஆண்டுக் கணக்கு, ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் செயலியில் இருக்கிறது. 40 முதல் 69 வயது. அதற்கு மேற்பட்டோருக்குத் தனிக் கணக்கு. பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, நோர்வே ஆகியவை குறைந்த அபாய நாடுகள், ஜெர்மனி நடுத்தரம். பாரிஸில் வாழும் தமிழர் பிரெஞ்சுக்காரரின் அபாயத்தைத் தனதென்று எடுத்துக்கொள்ள முடியாது. அதே கழகத்தின் வழிகாட்டுதல், இந்தியப் பூர்விகத்தவர்களுக்கு வரும் எண்ணை 1.3-ஆல் பெருக்கச் சொல்கிறது. பெருக்கலை நீங்களே செய்து பாருங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்கள் இந்தச் செயலியைத் தேட வேண்டாம்.

எண்களைப் போடும் முன்

எந்தக் கருவியானாலும் ஒரே ஒரு முறை எடுத்த பி.பி.யைப் போடக் கூடாது. முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பின் எடுங்கள். கை இதய மட்டத்தில் இருக்கட்டும். அதற்கு முன் அரை மணி நேரம் காபி, சிகரெட் வேண்டாம்; சிறுநீர் கழித்துவிட்டு உட்காருங்கள். காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை, சில நாட்கள் எடுத்துச் சராசரியைப் பயன்படுத்துங்கள். 138 என்று வந்தால் அதை 130 என்று மனம் இளகிப் போடுவதும் உண்டு. தனக்குத் தானே சொல்லும் பொய்யில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

ஆதார் எண், தொடர்புப் பட்டியல், இருப்பிடம் ஆகியவற்றைக் கேட்கும் செயலிகளை அங்கேயே மூடிவிடுங்கள். மேலே சொன்ன கணக்குகளில் எதற்கும் உங்கள் பெயர்கூடத் தேவையில்லை. யாருக்கு எப்போது நெஞ்சுவலி வரலாம் என்ற தகவலை விளம்பரக்காரரும் காப்பீட்டு முகவரும் விலைகொடுத்து வாங்குவார்கள்.

எண் நடுவில் வந்து நின்றால், அதாவது 5-க்கும் 20-க்கும் இடையில் தடுமாறினால், மருத்துவரிடம் இரண்டு பரிசோதனைகளைப் பற்றிக் கேளுங்கள். ஒன்று ரத்தத்தில் உள்ள லிப்போபுரோட்டீன்(ஏ) என்ற கொழுப்புத் துகள், பெரும்பாலும் பிறவியிலேயே தீர்மானமாகும் அளவு என்பதால் வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும், இளவயது மாரடைப்பு வந்த குடும்பத்துக்கு முக்கியமானது. மற்றொன்று சி.டி. ஸ்கேன் மூலம் எடுக்கும் கால்சியம் ஸ்கோர். ரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்புப் படிவு இருக்கிறதா என்று நேரடியாகக் காட்டும். சிறு வயதினருக்குப் படிவு சுண்ணாம்பாக மாறியிருக்காது என்பதால் அங்கே பூஜ்ஜியம் வந்தாலும் முழு நிம்மதிக்கு இடமில்லை.

மருத்துவரிடம் போகும்போது கைப்பேசியில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டோடு லேப் அறிக்கையையும், பி.பி. எழுதிய தாளையும், குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் என்ன வந்தது என்ற குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். நெரிசலான வெளிநோயாளர் பிரிவில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்த மூன்று தாள்களும் இருந்தால் மருத்துவரால் அந்த நேரத்துக்குள் ஸ்டேடின் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சுக்கு வந்துவிட முடியும்.